கனகலட்சுமிக்கு வாய்த்த நாத்தனார்

சேத்தூர்,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

உக்ரைன் சண்டையில் விட்ட டாக்டர் படிப்பை ஜார்ஜியா நாட்டில் தொடர்ந்துவரும் மதிப்பிற்குரிய அண்ணன் கௌதம்ராஜ் அவர்களின் சமூகத்துக்குத் தங்கை முனீஸ்வரி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், ஆடு எல்லோரும் சுகம். மிக்ஸிக்கு மட்டும் சுகமில்லை, அதைப் பின்னால் எழுதுகிறேன். தாங்கள் அங்கே குளிருக்குக் காதைக் கட்டிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு வருவீர்கள் என்று நம்புகிறேன். ‘தாங்கள்’ என்று எழுதினால் தாலுகா ஆபீசுக்கு மனுப் போடுவதுபோல் இருக்கிறது. இனிமேல் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ உக்ரைனிலிருந்து நம் வீட்டுக்கு அனுப்பிவைத்த ஹலினா அத்தையிடம் நான் முதலில் கவனித்தது அவருடைய நன்றியைத்தான். வைகாசி மாதம் அப்பா மதுரை ஏர்போர்ட்டிலிருந்து அவரைக் காரில் கூட்டிவந்து நம் தெருமுனையில் இறக்கிய அன்று, அவர் மண்ணில் குப்புறக் கிடந்து எழுந்தார், முழங்கைச் சிராய்ப்பை ஊதிவிட்டுக்கொண்டார், பிறகு இரண்டு கையையும் கூப்பி, தெளிவான தமிழில் ‘நன்றி’ என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் தெரியுமா? வேட்டுப் போட்ட ராம்கி மாமாவைப் பார்த்து.

அந்த வேட்டுக் கதையை உனக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ போனில் கேட்டபோதெல்லாம் “வரவேற்பு அமோகமா நடந்துச்சுய்யா” என்றுதானே அம்மா சொன்னாள்? அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள், பாதித் தெரு சுற்றி நிற்கும், எனக்கு வாயைத் திறக்கவே வராது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்கிறார்கள் என்பதற்காகவே பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதனால்தான் காகிதத்தில் எழுதிப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

நீ கேட்டது இதுதான். லாரி ஓட்டும் அத்தை மகன் தராஸ், போலந்தில் ஒரு ஊரில் உக்ரைன்காரர்களுக்கு உதவி செய்யும் இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். அங்கே என்னென்ன தருவார்கள் என்று எழுதிய தாளை அனுப்பியிருக்கிறார். தனி அறை, மொழி வகுப்பு, உடுப்பு, மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்பதற்குப் படித்த ஆள், புது ஊரில் அக்கம்பக்கத்தாரோடு பழக வழி, எல்லாம் அதில் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் வருகிறேன், வரவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். அத்தையை நேரில் கேட்டால் மரியாதைக்கு ‘இங்கேயே நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்வார், அதனால் நாம் இங்கே அவருக்கு என்ன செய்தோம், அவர் மனது என்ன என்று நீ பார்த்து உண்மையை எழுது என்றாய். அண்ணே, உண்மையை எழுதுகிறேன். படிக்கும்போது தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்.

பந்தல் சாமானும் மைக் செட்டும் வாடகைக்கு விடும் நம் ராம்கி மாமாவுக்கு எதையும் சத்தமில்லாமல் செய்ய வராது என்பது உனக்குத் தெரியும். “நம்ம ஜில்லாவுக்கு வருத ஆளுக்கு வேட்டு இல்லாம வரவேற்பா? சிவகாசிக்காரன் கேட்டா சிரிக்க மாட்டான்?” என்று சொல்லி, தெருமுனையிலிருந்து நம் வாசல்வரை சரவெடியைப் பாய் மாதிரி விரித்துவிட்டார். ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றது அம்மா. கார் கதவு திறந்தது, அத்தை ஒரு காலை வெளியே வைத்தார், மாமா பத்தியை வைத்தார். முதல் வெடி வெடித்ததும் அத்தை பாய்ந்து வந்து அம்மாவைத் தள்ளிக் கீழே போட்டு, அம்மாவின் தலையைத் தன் கையால் மூடி, மேலே படுத்துக்கொண்டார். ஆரத்தித் தண்ணீர் முழுக்க அம்மாவின் புதுச்சேலையில். தெருவே திகைத்து நிற்கிறது, சரவெடி மட்டும் யாருக்கும் அடங்காமல் வாசல்வரை வெடித்துக்கொண்டே போகிறது, ராம்கி மாமா அதைக் காலால் மிதித்து அணைக்கப் போய் வேட்டியில் ஓட்டை போட்டுக்கொண்டார். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் அப்பா, “ஏலே, குண்டுக்குத் தப்பி வந்தவியள இப்படியாலே வரவேற்பிய!” என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் அந்த நன்றி. மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து நம் தெருவில் யாரும் ஒரு ஓலைவெடிகூடப் போடுவதில்லை. ஆனித் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்குக்கூட ஊர்க்காரர்கள் வேட்டுப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். இது அந்தத் தாளில் இருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்த பிரச்சினை, அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பது. உனக்குத் தெரியாததா, முறை தெரியாத ஆளோடு நம் தெருவில் ஒருவரும் வாயாட மாட்டார்கள், கேலி பேச மாட்டார்கள், கொடுக்கல் வாங்கல் எதற்கும் வழியில்லை. ஆன்ட்டி என்று கூப்பிடலாம் என்று ராம்கி மாமா சொன்னார். எதிர்வீட்டு இருளம்மாள் பெரியம்மா விடவில்லை. “ஆன்ட்டியாவது பூன்ட்டியாவது. கௌதமுக்குக் குண்டு விழுறப்போ நிலவறைல ஒளிச்சு வச்சு உருளைக்கிழங்கு அவிச்சுப் போட்டது யாரு? அவன் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரின்னா நெனைக்கிய? சொந்தப் பிள்ளை மாதிரி அப்படிப் பாக்குறவ ஒண்ணு பெத்தவளா இருக்கணும், இல்ல அத்தையா இருக்கணும். பெத்தவதான் இங்கன நிக்காளே. அப்போ அத்தைதான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கூடப்பிறந்தது எல்லாம் ஆம்பளைகள், அக்கா தங்கை இல்லையே என்று காலமெல்லாம் குறைப்பட்டவர் அல்லவா? மறுநாளே ராஜபாளையம் போய் அக்காவுக்கு என்று பட்டுச்சேலை எடுத்து வந்துவிட்டார். அம்மாவுக்கு? ஒரு பிளவுஸ் பிட்.

அம்மா அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி முனீஸு, நாத்தனா இல்லாத வீடுன்னுதானடி எங்க அப்பா என்னைய உங்க அப்பாவுக்குக் கட்டிக் குடுத்தாரு! இத்தன வருசம் நிம்மதியா இருந்தேன். இப்போ பிளேன் ஏறி வந்திருக்கே எனக்கு வாய்ச்ச நாத்தனா!” என்றாள்.

நாத்தனார் என்றால் சண்டை போட வேண்டும் அல்லவா? அம்மா தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அத்தை எதற்கெடுத்தாலும் நன்றி சொன்னார். தண்ணீர் கொடுத்தால் நன்றி, தோசை போட்டால் நன்றி, நகர்ந்து வழி விட்டால் நன்றி. இந்த ஒரு வார்த்தையை நீதான் சொல்லிக் கொடுத்து அனுப்பினாயாம். உனக்குப் புண்ணியமாகப் போகும். நம் வீட்டில் யார் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறோம்? அப்பா இத்தனை வருடமாகச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுவதோடு சரி. அம்மாவுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. “ஒவ்வொரு வாய்க்கும் நன்றி சொல்ல நான் என்ன ஓட்டல்லயா பரிமாறுதேன்? வேத்து ஆளுன்னு சொல்லிக் காட்டுதா பாரு” என்று பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் தெரு நாய் எழுந்து போய்விட்டது.

உடுப்பு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. நான் தளவாய்புரத்தில் தைக்கப் போய்வருகிற நைட்டி யூனிட்டில் விஷயம் தெரிந்ததும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். பிறகு பக்கத்து யூனிட், அதற்குப் பக்கத்து யூனிட். இப்போது நம் வீட்டில் நைட்டி வைக்க இடமில்லாமல் ஆட்டுக்குத் தனிக் கூரை போட்டுவிட்டார் அப்பா. ஆனால் அத்தையின் உயரத்துக்கு எந்த நைட்டியும் முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை. எங்கள் சூப்பர்வைசர் தங்கபாய் அக்கா அளவெடுத்துத் தனியாக ஒன்று வெட்டினார். அந்த அளவைப் பார்த்துவிட்டு வெளியூர் வியாபாரி ஒருவர் ஆர்டர் கொடுத்தார். இப்போது எங்கள் யூனிட்டில் டபுள் எக்ஸெல்லுக்கு மேலே ‘உக்ரைன் சைஸ்’ என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, நன்றாகப் போகிறது. அத்தை அதைப் போட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருக்குழாய்க்குக் குடத்தோடு போனால் பின்பக்கத்திலிருந்து நம் ஊர் ஆள்தான், கொஞ்சம் உயரம்.

மனக்கஷ்டத்தைக் கேட்க ஆள் என்று அந்தத் தாளில் இருக்கிறதே, அதை எழுதத்தான் கை கூசுகிறது. வீடு வாசல் இழந்து வந்தவரிடம் முறைப்படி துட்டி கேட்டுத் துக்கம் விசாரிக்காமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று இருளம்மாள் பெரியம்மா ஒரு கூட்டத்தையே கூட்டிவந்துவிட்டார். சாகாத ஆளுக்குத் துட்டியா என்று அம்மா கேட்டதற்கு, “வீடு போனாலும் போனதுதானே” என்றார். வாசலில் செருப்பை விட்டார்கள், உள்ளே வந்தார்கள், அத்தையைச் சுற்றி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு, “தோட்டம் வச்சியே, தொட்டி வச்சியே, விட்டுட்டு வந்தியே எங்க ஆத்தா” என்று ஒரே குரலில் எடுத்துவிட்டார்கள். அத்தை முகம் வெளுத்துவிட்டது. தனக்குச் சொல்லாமல் மறைத்த சேதி ஏதோ இவர்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டார். உடனே தராஸுக்கு வீடியோ கால் போட்டார். தராஸ் எடுத்தார். வாய் நிறைய ரொட்டி. ஒப்பாரி நின்றது. எல்லோரும் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனுக்குள் எட்டிப் பார்த்தார்கள். “பையன் லெட்சணமா இருக்கானே! கலியாணம் ஆயிருச்சா?” என்று இருளம்மாள் பெரியம்மா கேட்டார். அத்தைக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு இரண்டும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது. அன்றைக்கு எல்லோரும் காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி.

மொழி வகுப்பு நடத்த நம்மிடம் ஆள் இல்லை. அத்தை தானாகவே படித்துக்கொண்டார். யாரிடம் என்றால், அம்மா கோழியோடு பேசுவதைக் கேட்டு. இது எங்களுக்கு ஒரு பெரிய மனிதர் வந்தபோதுதான் தெரிந்தது. யார் என்று எழுதவில்லை, அவருக்கு அவமானம். பொன்னாடையும் போட்டோகிராபருமாக வந்து அத்தைக்குப் போர்த்தினார். அத்தை கையைக் கூப்பி, முகம் மலரச் சிரித்து, “அங்கிட்டுப் போ சனியனே” என்றார். போட்டோ மிக நன்றாக வந்திருக்கிறது.

மிக்ஸி விஷயத்துக்கு வருகிறேன். விசாவில் வேலை பார்க்கக் கூடாதாம், ஆனால் சும்மா இருக்க அத்தைக்கு ஆகாது. ஒருநாள் அவித்த உருளைக்கிழங்கைக் குவியலாக அரசாங்கம் கொடுத்த மிக்ஸியில் போட்டுச் சுற்றினார். மிக்ஸி புகைந்து நின்றது, அதோடு சரி. இன்னொரு நாள் முட்டைக்கோஸை அரிந்து உப்புப் போட்டு ஜாடியில் அமுக்கி, இறுக்கமாக மூடி வைத்தார். அவர்கள் ஊரில் அது குளிரில் மெல்லப் புளிக்குமாம். சேத்தூர் வெயிலில் அது பொறுமையாக இருக்குமா? மத்தியானம் டமார் என்று மூடி உத்தரத்தில் அடித்தது. நாங்கள் எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். அத்தை மட்டும் அடுப்படியில் நின்று, “கோஸ், கோஸ்” என்று எங்களுக்குத் தைரியம் சொன்னார். “இனிமே என் அடுப்படில இந்தக் கோஸு கீஸு எதுவும் கூடாது, சொல்லிப்புட்டேன்” என்று அம்மா ஆணையிட்டாள். அதற்கும் நன்றிதான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஸ்ரீவில்லிபுத்தூர். ஆடிப்பூரத் தேருக்கு அவரைக் கூட்டிப்போவோம் என்று அப்பாதான் கிளப்பினார். வடம் பிடிக்கிற கூட்டத்தில் அத்தையைத் தவறவிட்டுவிட்டோம். அந்த உயரத்துக்கும் அந்த நிறத்துக்கும் எப்படித் தொலைவார் என்று கேட்காதே, தொலைந்துவிட்டார். அம்மா தவித்த தவிப்பு! பால்கோவாக் கடை, பூக்கடை என்று ஒவ்வொரு இடமாக, “நைட்டி போட்ட வெள்ளைக்காரம்மாவைப் பாத்தியளா?” என்று கேட்டுக்கொண்டு ஓடினாள். அப்போது மைக்கில் வந்தது. ‘சேத்தூர் கனகலட்சுமி, சேத்தூர் கனகலட்சுமி! உங்கள் நாத்தனாரைத் தவிக்கவிட்டு எங்கே போனீர்கள்? அவர் கண் கலங்கி இங்கே உட்கார்ந்திருக்கிறார். உடனே வந்து அழைத்துச் செல்லவும்.’ யாரோ நீங்கள் யார் வீட்டு ஆள் என்று கேட்டிருக்கிறார்கள், அத்தை தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார், ‘கனகலட்சுமி நாத்தனார், சேத்தூர்’ என்று. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகப் போக அது திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. முகம் தெரியாத பொம்பளைகள் எல்லாம் அம்மாவை முறைக்கிறார்கள். ஒரு அம்மா கையைப் பிடித்தே கேட்டார். “ஏம்மா, நாத்தனான்னா அம்புட்டு எளக்காரமா? உனக்கும் பொம்பளப் பிள்ளை இருக்குல்ல?” போய்ப் பார்த்தால் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கண் கலங்கியது அதனால்தான். அம்மாவைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து கையைக் கூப்பி, “நன்றி” என்றார்.

அம்மா வெடித்துவிட்டாள். “நன்றியாம்ல நன்றி! ஊரு பூராவும் மைக்குல எம்பேரை நாறடிச்சுட்டு நன்றியா? இந்தா பாரு, இன்னொரு தடவ என்கிட்ட நன்றின்னு சொன்னே, உன்னைய இங்கனயே விட்டுட்டுப் போயிருவேன்!” என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு, அத்தையின் கையை மட்டும் வீடு வரும்வரை விடவில்லை. பஸ்ஸில்கூடப் பிடித்துக்கொண்டே இருந்தாள், முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. அதிலிருந்து இரண்டு பேரும் பேசுவதில்லை. அத்தை நன்றி சொல்வதும் இல்லை, வேறு எதுவும் சொல்வதும் இல்லை. பயந்து பயந்து டம்ளரை எடுக்கிறார். அந்தச் சமயம் பார்த்துத்தான் போலந்துத் தாள் வந்தது. அத்தை அதைப் படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். “போறவியளப் போகச் சொல்லு. எனக்கென்ன” என்றாள். அன்று ரசத்தில் உப்பே இல்லை.

அத்தையிடம் நேரில் கேட்க நானும் முயன்றேன். லீவு நாள் மத்தியானம் வீட்டு மிஷினில் நான் தைக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிரித்துக் கொடுப்பார். ‘போறீயளா, இருக்கீயளா’ என்று கேட்க வாயெடுத்தால் ‘கத்திரியைத் தாங்க’ என்று வருகிறது. வேறு எதையும் அவரிடம் பேசுவேன் அண்ணே, பள்ளிக்கூடம் விட்ட கதையைக்கூடச் சொல்லியிருக்கிறேன். புரியாது என்று நினைத்துத்தான் சொன்னேன். இந்த ஒன்றை மட்டும் கேட்க முடியவில்லை. போறேன் என்று சொல்லிவிட்டால் அதை நான் உனக்கு எழுத வேண்டுமே.

அதனால் நானாகவே முடிவு செய்து எழுதுகிறேன். வேட்டுப் போட்டு வரவேற்றோம், உயிரோடு இருக்கிற மனுஷிக்கு ஒப்பாரி வைத்தோம், கோழி பாஷை சொல்லிக் கொடுத்தோம், தேர்க்கூட்டத்தில் தொலைத்தோம், இப்போது பேச்சும் நின்றுவிட்டது. அங்கே தனி அறை இருக்கிறது, படித்தவர்கள் இருக்கிறார்கள், கோஸ் வெடிக்காத குளிர் இருக்கிறது. அத்தையை அங்கே அனுப்பிவிடு. நாங்கள் ஒன்றும் வருத்தப்பட மாட்டோம். டிக்கெட் போடும்போது கோட்டுக்கு வெளியே போட இரண்டு நைட்டி கொடுத்து அனுப்பலாமா என்று மட்டும் கேட்டுச் சொல்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரியில் தயிர் சாப்பிடாதே. அய்யனார் உனக்குப் பரீட்சையில் துணையிருக்கட்டும், எழுதுவதை நீதான் எழுத வேண்டும். அப்பா ஆசி சொல்லச் சொன்னார். அம்மா சொல்லச் சொன்னதை மேலே எழுதிவிட்டேன். ஆடு ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை,
மு. முனீஸ்வரி

பின்குறிப்பு: அண்ணே, மேலே எழுதிய முடிவைப் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். அம்மாவின் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஜாடி. உள்ளே முட்டைக்கோஸ். இந்தத் தடவை மூடி இல்லை, வாயில் ஒரு காகிதத்தை வைத்து, ஊசியால் ஓட்டை போட்டு, நைட்டி லேஸால் கட்டியிருக்கிறது. காகிதத்தைப் பார்த்தால், போலந்துத் தாள். கட்டியது அத்தை. தன் அடுப்படியில் இடம் விட்டது அம்மா. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசாமல் இதை எப்போது செய்தார்கள் என்று தெரியவில்லை.

நான் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அம்மா காபியோடு வந்தாள். அத்தைக்கு முன்னால் டம்ளரை ணங்கென்று வைத்தாள். அத்தை எடுத்தார். நன்றி சொல்லவில்லை. ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார், அம்மாவை நிமிர்ந்து பார்த்து, “மதினி, சீனி கம்மி” என்றார்.

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “ஆமா, மகராணிக்கு நாக்கு நீளுது! வேணும்னா போட்டுக் குடிக்கது!” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போய், எதிர்வீட்டைப் பார்த்து, தேரோட்ட மைக்கையும் மிஞ்சுகிற குரலில் கத்தினாள். “இருளம்மாக்கா, கேட்டியளா எங்க நாத்தனா கொழுப்பை! நான் போட்ட காபில சீனி கம்மியாம்ல!” முகம் முழுக்கச் சிரிப்பு.

அத்தை டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

நான் எழுந்து போய்ச் சீனி டப்பாவை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.